ஆறின சோற்றுத் தெருவும் வோல்டுக் காக்காவும்

மனிதரின் முகத்தைப் பார்த்துச் சுகம் விசாரிக்கிறவர்களைத்தான் நீங்கள் கண்டிருப்பீர்கள். பல்ப்பின் முகத்தைப் பார்த்துச் சுகம் விசாரித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். வோல்டுக் காக்கா. காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்க முன்னம் நிமிர்ந்து பந்தல் பல்ப்பைப் பார்ப்பார். "சோர்ந்து போயிருக்கு" என்பார். மாப்பிள்ளையின் வாப்பா பதறிப்போய் மகனைப் பார்ப்பார். நோயாளியைப் பார்க்கப் போனாலும் அப்படித்தான். கட்டிலில் கிடக்கிறவர் தன் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் கூரையைப் பார்த்து, "நேத்தையை விட இண்டைக்குத் தெளிவு" என்பார். கட்டிலில் கிடக்கிறவர் அல்ஹம்துலில்லாஹ் என்பார்.

கரண்ட் வேலை படித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கருவாட்டு வியாபாரி. புத்தளத்தில் நாங்கள் அகதியாய் இருந்த காலமெல்லாம் சைக்கிளில் பெட்டி கட்டிக் கருவாடு விற்றவர். பிளக்கில் கை வைக்கப் பயம். சுவிட்சைக்கூட வீடு கூட்டுகிற தும்புத்தடியின் காம்பால் தட்டித்தான் போடுவார்.

சண்டை முடிந்து மன்னாருக்கு, எங்கள் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்தபோது, விட்டுப்போன வீடுகளில் அத்திவாரமும் அதில் முளைத்த எருக்கலையும்தான் மிச்சம். முதலில் தகரக் கொட்டில். பிறகு வீட்டுத்திட்டத்தில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பிறகு கரண்ட். எங்கள் தெருவோடு கம்பி முடிந்துவிடும். ஊரெல்லாம் குடித்து மிச்சம் வைக்கிற கரண்ட்தான் எங்களிடம் வந்து சேரும். பகலில் பரவாயில்லை. பொழுதுபட்டு மஃரிபு நேரம் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர், தண்ணி மோட்டர், டீவி என்று போட்டார்களென்றால் பல்ப் பழுத்த மிளகாய் போல் சிவந்து நிற்கும். அந்த வெளிச்சத்தில் அந்தப் பல்ப்பை மட்டும்தான் பார்க்கலாம்.

காக்காவின் மனைவி மைமூன் ராத்தாவுக்கு முட்டு வருத்தம். புத்தளத்து ஓலைக் கொட்டிலுக்குள் ஈர விறகை ஊதி ஊதி வாங்கிக்கொண்டது. மாலையானால் நெஞ்சில் சளி இறுகி மூச்சு விசில் அடிக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அந்த மூச்சு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே இருந்தால் என் மூச்சும் அதற்குப் பின்னால் போகப் பார்க்கும்.

கத்தாரில் வேலை செய்த மகன் உம்மாவுக்கு ஆவி மெசின் ஒன்று அனுப்பினான். மேசையில் வைக்கிற வெள்ளைப் பெட்டி, கேத்தலுக்கு இருக்கிற மாதிரி ஒரு மூக்கு. தண்ணீர் ஊற்றிக் கரண்டைக் கொடுத்தால் மூக்கால் ஆவி வரும், அதை இழுத்தால் நெஞ்சுச் சளி இளகும் என்று போனில் சொல்லியிருந்தான். தெருவே வந்து பார்த்தது. காக்கா பிஸ்மி சொல்லித் தும்புத்தடியால் சுவிட்சைத் தட்டினார். பெட்டி சும்மா இருந்தது. எதிர்வீட்டு நபீலா குனிந்து காதை வைத்துப் பார்த்தாள்.

"உள்ளுக்கு ஆளில்ல காக்கா" என்றாள்.

நபீலா தையல்காரி. அவளுடைய வாய்க்கு முன்னால் தையல் மெசின் ஊமை.

காக்கா மெசினைக் குற்றம் சொல்லவில்லை. மகன் அனுப்பிய சாமான் பிழையாகுமா? நிமிர்ந்து பல்ப்பைப் பார்த்தார். "வோல்ட் இல்ல" என்றார். அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் அன்றோடு மௌத்தாகிப் போனது.

மறுநாள் தொடக்கம் மஃரிபு தொழுதுவிட்டு வந்தால் தெருவில் நடப்பார். இந்த வீட்டில் குக்கரை நிப்பாட்டச் சொல்லுவார். அந்த வீட்டில் மோட்டரை நிப்பாட்டச் சொல்லுவார். சுருள் பல்ப் போட்ட வீடுகளோடு அவருக்குக் கோபம். சுருள் பல்ப் வோல்ட் குறைந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்குமாம், குண்டு பல்ப்தான் உள்ளதைச் சொல்லுமாம். கடைசிக் கம்பத்தின் இழுகம்பியில் எங்கள் ஊர்க் கழுதைகள் வந்து முதுகு சொறியும். அவை சொறியச் சொறியக் கரண்ட் சிந்திப்போகுது என்று கண்டுபிடித்தார். அதில் ஒரு கழுதைக்கு ரொட்டித் துண்டு கொடுத்து நயமாகக் கூட்டிக்கொண்டு போய்த் தூர விட்டுவிட்டு வந்தார். அது அடுத்த நாள் சொந்தக்காரரையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது.

கரண்ட் கந்தோருக்குப் போய்ப் புது ட்ரான்ஸ்போமர் கேட்டார். "வரும் எண்டு சொன்னாங்க" என்று சந்தோசமாகத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகும் பலதரம் போனார். ஒவ்வொரு தரமும் அதே ஒரு சொல்லைத்தான் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

பள்ளியையும் விடவில்லை. பாங்கு சொல்லுகிற மோதினாரிடம் போய், மஃரிபுக்குப் பிறகு ஸ்பீக்கரில் ஓதுவது நீளம், ஸ்பீக்கர் வோல்ட் குடிக்குது, அல்லாஹ்வுக்கு மெதுவாச் சொன்னாலும் கேக்கும்தானே என்றாராம். அல்லாஹ்வுக்குக் கேக்கும், ஒங்கட தெருவுக்குத்தான் கேக்காது என்றாராம் மோதினார்.

நபீலாவுக்கு இந்தக் கரைச்சல் தாங்க முடியவில்லை. ஒரு நாள் குக்கரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் மூட்டின. பல்ப் நன்றாக எரிந்தது. ஆனால் புகை முழுவதும் காற்றோடு காக்காவின் வீட்டுக்குள் போனது. மைமூன் ராத்தா இருமத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் காக்கா நபீலாவின் படலையடியில் வந்து நின்றார். விறகையும் நிப்பாட்டச் சொன்னார்.

"கரண்டும் வேணாம், விறகும் வேணாம் எண்டா, நாங்க அரிசியை வெயில்ல காய வெச்சோ காக்கா திங்கிற?"

தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்கு மூச்செடுக்க ஏலாம இருக்கு புள்ள" என்றார்.

நபீலா ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள்.

அடுத்த நாள் பின்னேரத்து அசருக்கு முன்னமே அவளுடைய வீட்டில் குக்கர் விசும்பியது. கேட்ட பெண்களிடம், இந்த மனிசன்ட முகத்தை மஃரிபு நேரம் பார்க்க ஏலாது, அதுதான் வெள்ளனவே ஆக்கிப்போட்டு இருக்கிறன் என்றாள். பிறகு ஒவ்வொரு வீடாக அப்படியே ஆனது. பகலில் ஆக்கி இரவில் ஆறின சோறு. ஊரில் மற்றவர்கள் எங்கள் தெருவுக்கு ஆறின சோத்துத் தெரு என்று பெயர் வைத்தார்கள். எங்கள் தெருவில் பெண் பார்க்க வந்தவர்கள் சாப்பிட இருக்கச் சொன்னால் அவசர வேலை இருக்கு என்றார்கள்.

இப்போது மஃரிபு நேரம் பல்ப் வெள்ளையாய் எரிந்தது. மெசின் நித்திரை. சில நாள் மூக்கு நுனியில் ஒரு சொட்டு ஈரம் காட்டும், அவ்வளவுதான். காக்கா அதை இந்த மேசையில் வைத்துப் பார்த்தார், அந்த மேசையில் வைத்துப் பார்த்தார். தொழுகிற திசைக்கு, கிப்லாவைப் பார்க்கத் திருப்பி வைத்தும் பார்த்தார். தெரு முழுவதும் தனக்காக ஆறின சோறு தின்கிறதே என்ற வெட்கத்தில் ஆட்களைக் கண்டால் மற்றக் கரையால் நடந்தார். ராத்தாவின் விசில் மட்டும் குறையவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிணறுகள் உவர். அது குளிக்கவும் கழுவவும் ஆகும். குடிக்கிறதுக்கும் தேத்தண்ணி போடுகிறதுக்கும் பவுசர் லொறியில் நல்ல தண்ணி வரும். அதைச் சிந்தினால் பிள்ளைக்கு அடி விழும். காக்கா அந்த நல்ல தண்ணியைத்தான் மெசினுக்கு ஊற்றினார். தான் உவர்த் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, மெசினை மாப்பிள்ளை போலக் கவனித்தார். மைமூனின் நெஞ்சுக்குள் போகிற தண்ணி அல்லவா.

ஒரு தரம் பவுசர் வரவில்லை. அன்று மாலை ராத்தாவுக்குக் கடுமையாகிவிட்டது. காக்கா கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நல்ல தண்ணி தேடிப் பக்கத்து ஊர் தாராபுரத்துக்குப் போய்விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் மாறியதைக் கேட்டு நான் நபீலாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஓடினோம். ராத்தா கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். உதடு நீலம். மெசினில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நபீலா கிணற்றில் அள்ளி வந்து கடகடவென்று ஊற்றிச் சுவிட்சைப் போட்டாள்.

முதலில் ஒரு முனகல். பிறகு கொதிக்கிற சத்தம். பிறகு ஆவி. மூக்கு நிறைய, மேசை நிறைய, கூரை வரைக்கும் ஆவி. நாங்கள் ராத்தாவின் தலையை அதற்குக் கிட்டப் பிடித்தோம். இழுத்தார், இருமினார், சளி கழன்றது. விசில் மெல்ல மெல்ல அடங்கியது.

காக்கா கேனோடு வந்து வாசலில் நின்றார். ஆவியைப் பார்த்தார். பல்ப்பைப் பார்த்தார். அன்றைக்கென்று எங்கோ கலியாண வீடு, பல்ப் கொஞ்சம் சிவந்துதான் கிடந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேசையடியில் கிணற்று வாளியைக் கண்டு விளங்கியதும் கோபம் வந்தது.

"கத்தார்ச் சாமானுக்கு உவர்த் தண்ணியோ ஊத்தின?"

ராத்தா ஆவிக்குள் இருந்து முகத்தை எடுத்தார். கனநாளைக்குப் பிறகு ஒரு முழு வசனம் பேசினார்.

"எங்கேருந்து வந்தா என்ன, இது மன்னார்ப் புள்ளதான். உவர் குடிச்சாத்தான் உசிர் வருது."

போனில் மகனைக் கேட்டால், ஓம் வாப்பா, அந்த மெசின் தண்ணியில இருக்கிற உப்பாலதான் கரண்ட் எடுக்கும், நல்ல தண்ணியெண்டா ஒரு கிள்ளு உப்புப் போடோணும், சொல்ல மறந்திட்டன் என்றான். காக்கா அன்றே உப்புப் போத்தலை எடுத்தார். ஒரு கிள்ளுக்கே இவ்வளவு என்றால் ஒரு கைக்கு எவ்வளவு என்று யோசித்தார். சுவிட்சைத் தட்டினதும் டப்பென்றது. பியூஸ் போய் வீடு இருண்டது.

"கருவாடு போட்டுப் பழகின கை" என்று இருட்டுக்குள் நபீலாவின் குரல் கேட்டது. அதற்குப் பின்னால் ராத்தா சிரிக்கிற சத்தம். மூச்சு முட்டாமல் சிரித்தார்.

பிழை வோல்டில் இல்லை என்று தெரிந்த பிறகு நாங்கள் சூடான சோற்றுக்குத் திரும்பியிருக்கலாம். நபீலா சண்டை பிடித்துக்கொண்டு குக்கரைப் போட்டும் பார்த்தாள். குக்கர் போட்டால் ஆவி மெலிந்தது. நிப்பாட்டினால் தடித்தது. அவள் தன் படலையில் நின்று அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பிளக்கைக் கழற்றினாள். ராத்தா ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிக்காய் ஊறுகாய் போட்டு அனுப்பினார். ஆறின சோற்றுக்கு அது நல்லாய்த்தான் இருந்தது.

இரண்டு மாரி அப்படிப் போனது. மூன்றாவது மாரியில் குளிர் கூடிவிட்டது. ஒரு நாள் பின்னேரம் ராத்தா ஆவி பிடிக்க இருந்தார். அன்றைக்குப் போல் ஒரு நாளும் பல்ப் எரிந்ததில்லை. கண் கூசியது. மெசினும் குறை வைக்கவில்லை. ஆனால் ராத்தாவால் அந்த ஆவியை உள்ளே இழுக்க முடியவில்லை. ஆட்டோவில் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வரும்போது வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டு வந்தார்கள்.

பள்ளியில் மௌத்தை அறிவிக்க வேண்டும். மோதினார் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். புருசனின் சொந்தப் பெயர் அவருக்கும் தெரியவில்லை. கடைசியில், வோல்டுக் காக்காவின் மனைவி மைமூன் என்றுதான் சொன்னார். ஊருக்கு உடனே விளங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரிடமும் காக்கா ஒன்றையேதான் சொன்னார்.

"நல்ல வோல்ட். பாருங்கோவன், எவ்வளவு வெள்ளையா எரியுது."

அவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். வேறு என்ன செய்வது.

மையித்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலில் இருந்துதான் சோறு போகும். அந்த நாட்கள் முடிந்த பிறகு ஒரு மஃரிபு நேரம் அவர் மறுபடியும் தெருவில் நடந்து வந்தார். எங்கள் படலையில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பிறகு எதிர்வீட்டில் நின்றார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு.

"இனி நீங்க சூடாச் சாப்பிடுங்கோ. எனக்குக் கரண்ட் தேவையில்ல."

நபீலா தைத்துக்கொண்டிருந்த துணியோடு எழும்பி வந்தாள். படலையை அகலத் திறந்தாள்.

"எங்களுக்கு ஆறினதுதான் ருசி காக்கா. நீங்க உள்ளுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள்.

அது பச்சைப் பொய். ஆறின சோறு யாருக்கு ருசி? ஆனால் அவர் போய் இருந்து சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் குக்கர் போடவில்லை.