வளவில் உள்ள குறைகளை மருமகனுக்கு மறைக்காமல் அறிவிப்பது

வாவிக்கரை வளவு,
ஏறாவூர்.
வியாழன், அஸருக்குப் பின்.

அன்புள்ள மருமகன் அப்ஹாம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மாமி நஸீறாவும் மகள் றிஸானாவும் இறைவன் உதவியால் சுகமாக இருக்கிறோம். கட்டாரில் இப்போது வெளியே தலை காட்ட முடியாத வெயில் என்று கேள்விப்பட்டோம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இக்கடிதத்தைக் கொண்டுவரும் அஸ்பாக் நமது பக்கத்து வீதிப் பிள்ளை, லீவு முடிந்து நாளை திரும்புகிறான். போனில் பேசாமல் ஏன் இந்த மனுஷன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் மாமி பக்கத்தில் நின்று என் வசனங்களைத் திருத்துவா. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் உங்களுக்கும் றிஸானாவுக்கும் நிக்காஹ். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார், பெண்ணைப் பெற்றவர்கள் சாமான் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு கூரை பார்ப்பார்கள். மூத்த மகள் முப்லிஹாவுக்கு ஊருக்குள் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் தோட்டமும் முற்றமுமான இந்த வளவுக்கு வந்தோம். இப்போது இந்த வளவும் வீடும் றிஸானாவுக்கு. நானும் மாமியும் முப்லிஹா வீட்டு மேல்மாடி அறைக்குப் போகிறோம். நல்ல அறை. புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி தெரியும், அதற்கு அப்பால் இன்னொரு தண்ணீர்த் தாங்கி தெரியும். அது கிடக்கட்டும். வேலைக் காலம் முழுவதும் பஸ்களில் டிக்கட் செக்கராக இருந்தவன் நான். குறையைக் கண்டால் மூடி மறைக்க எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் உள்ள குறைகளை நிக்காஹுக்கு முன்பே உங்களுக்கு அறிவிப்பது என் கடமை. வாசித்துவிட்டு, இந்த வீடு வேண்டாம் மாமா, ஊருக்குள்ளேயே ஒரு வீட்டைப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னால் எனக்குக் கொஞ்சமும் கோபம் வராது. உடனே பார்ப்பேன். சத்தியமாகப் பார்ப்பேன்.

முதலாவது குறை சத்தம். சுபஹ் தொழுதுவிட்டுக் கொஞ்சம் கண் அயரலாம் என்றால் இங்கே நடக்காது. முதலில் வேலிப் பூவரசுக்குள் இருந்து செண்பகப் பறவை அடித்தொண்டையால் ஊப் ஊப் என்று தொடங்கும். அது ஓய்ந்தால் புலுனிக் கூட்டம். தனியாக வரத் தெரியாத பறவை, குடும்பம் முழுவதும் ஒன்றாக இறங்கி, ஒன்றோடொன்று சண்டை பிடித்தபடியே ஜம்பு மரத்தடிச் சருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும். பஸ்ஸில் நான் பார்த்த வேலையும் அதுதான், சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பேன். அதனால் அவற்றை அதட்ட மனம் வருவதில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், தேத்தண்ணி ஆறிவிடும், மாமி ஏசுவா, மறுபடி சூடாக்கித் தருவா, அதுவும் ஆறும். நீங்கள் வெளிநாட்டில் உழைத்துக் களைத்து வருபவர். உங்களுக்கு நித்திரை முக்கியம். யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை தோட்டத்தில் நிற்கும் வெருளி. கத்தரி, பயற்றை, மிளகாய், கீரை எல்லாம் போட்டிருக்கிறேன், ஆனால் கிளிகளும் சிட்டுக்குருவிகளும் டிக்கட் எடுக்காத பயணிகள் மாதிரி வேண்டிய இடத்தில் ஏறி வேண்டிய இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. விடுவேனா? இரண்டு கம்பைக் குறுக்கே கட்டி, என் பழைய காக்கிச் சேட்டையும் காற்சட்டையையும் மாட்டி, தலைக்கு ஒரு மண் முட்டியைக் கவிழ்த்து, அதற்கு மேல் என் செக்கர் தொப்பியையும் வைத்தேன். சுண்ணாம்பால் கண்ணும் மூக்கும் போடலாம் என்று தூரிகையை எடுத்தால், அப்படிப் போட்டால் அது உருவமாகிவிடும், மார்க்கத்துக்கு ஆகாது, என் வளவில் அது கூடாது என்று மாமி பிடிவாதமாக நின்றா. முகமே இல்லாத வெருளிக்கு எந்தக் குருவி பயப்படும்? கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆணியால் தட்டித் தட்டி எலுமிச்சம்பழ அளவில் ஒரு ஓட்டை போட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. எங்கள் ஊரில் சிட்டுக்குருவி கூடு வைத்தால் வீட்டுக்கு பரக்கத் என்று விறாந்தையில் ஓட்டை போட்ட முட்டி கட்டித் தொங்கவிடுவார்கள் அல்லவா? குருவிகளும் இந்த ஊர்க் குருவிகள்தானே. முட்டியையும் ஓட்டையையும் கண்டதும், செக்கர் சாலிஹ் நம்மை விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வைக்கோலோடு வந்து இறங்கிவிட்டன. குருவியை விரட்ட நிறுத்திய ஆளின் மண்டைக்குள் குருவி முட்டையிட்டிருக்கிறது. வந்த குருவியை எழுப்பிவிடக் கூடாது என்று மாமி அதற்கும் ஒரு சட்டம் போட்டிருக்கிறா. இப்போது அந்த வெருளியின் கால்மாட்டில்தான் கீரை முழுவதும் கொத்துப்படுகிறது.

அதோடு முடிந்ததா? வாவியில் மீன் பிடிக்கும் சதீசன் நமக்கு நல்ல பழக்கம். விடியற்காலையில் தோணியில் போகும்போது என்னைக் கண்டால் கை தூக்குவார், திரும்பி வரும்போது கரையில் நின்று மீன் தருவார். அவர் இருட்டோடு வெருளியைப் பார்த்து நான்தான் என்று நினைத்துக் கை தூக்கியிருக்கிறார். வெருளி கை தூக்கவில்லை. அதன் கை ஏற்கனவே இரண்டு பக்கமும் நீட்டியபடி நிற்கிறது. மறுநாளும் தூக்கியிருக்கிறார். அதன் பிறகு கரைப் பக்கம் திரும்பாமலே தோணியை விட்டார், மீனும் வரவில்லை. மகளுக்குக் கட்டாரில் மாப்பிள்ளை வந்ததும் செக்கருக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று சந்தையில் சொல்லித் திரிகிறாராம். நான் ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வெருளியைக் காட்டினேன். தொப்பியையும் முட்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இவர் உங்களவிட மரியாதையான ஆள் செக்கர் ஐயா, ஆரையும் பஸ்ஸால இறக்க மாட்டார்” என்றார். இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் கோபம் இல்லை. ஆனால் காலையில் நான் பக்கத்திலேயே நின்றாலும் அவர் வெருளிக்குத்தான் கை தூக்குகிறார்.

அடுத்த குறை குளியலறை லைட். அதன் வயரில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. பல்பு சூடு குஞ்சுக்கு ஆகாது என்று சுவிச்சின் மேல் நான் டேப் ஒட்டிவிட்டேன். பொழுது பட்டால் நாங்கள் டோர்ச் வெளிச்சத்தில் குளிக்கிறோம். அந்த ஆண் தேன்சிட்டுக்கு என் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தெரிவது இன்னொரு ஆண் என்று நினைப்பு, நாள் முழுக்க அதோடு சண்டை. அலகு உடைந்துபோகும் என்ற பயத்தில் இரண்டு கண்ணாடிக்கும் சொக்ஸ் மாட்டியிருக்கிறேன். அதைக் கழற்ற மறந்து கடைத்தெருவுக்குப் போய்ப் பொலிஸ்காரரிடம் அகப்பட்டேன். ஏன் ஐயா கண்ணாடிக்குச் சொக்ஸ் என்று கேட்டார், குருவிக்காக என்று உண்மையைச் சொன்னேன், அவர் குடித்திருக்கிறேனா என்று என் வாயை மணந்து பார்த்தார். இந்த வயதில் எனக்கு அந்த மானக்கேடு. கிணற்றடி பைப் ஒழுகுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருத்த வந்தவரை நானே திருப்பி அனுப்பினேன், அந்தச் சொட்டில்தான் கொண்டைக்குருவி தண்ணீர் குடிக்கிறது. ஆக, வெளிச்சம் இல்லாத குளியலறை, ஒழுகும் பைப், கண்ணாடி இல்லாத சைக்கிள். எந்த மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு வீட்டைக் கொடுப்பது?

இனி எழுதுவது உங்கள் வாப்பா பற்றியது, குறையாக எடுக்க வேண்டாம். போன வாரம் வீடு பார்க்க வந்தார். மாமி புரியாணி போட்டா. சாப்பிட்டுவிட்டுப் பின் முற்றத்தில் உலாவப் போனவர் புடலங்காய்ப் பந்தலுக்குக் கீழே போய்விட்டார். காய் வளையாமல் நேராக இறங்க நுனியில் கல் கட்டியிருக்கிறேன், எல்லோரும் செய்வதுதான். கட்டாதே என்று யாராவது சொன்னார்களா? இல்லை. குனிந்து போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் நான் பந்தலில் வந்து உட்கார்ந்த மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கல் அவருடைய நெற்றியில் பட்டது. பெரிய காயம் இல்லை, வீக்கம்தான். மாமி ஐஸ் வைத்தா. அவர் கோபப்படவும் இல்லை. ஐஸ் கட்டியைப் பிடித்தபடி வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்தப் பந்தலப் பிடுங்கி, ஜம்புவையும் தறிச்சி, முத்தம் முழுக்க இன்டர்லொக் கல் போட்டா வாகனம் விடச் சுகமா இருக்கும்” என்றார். சம்பந்தி சொன்னால் மறுத்துப் பேசலாமா? நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை மருமகன். கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் பாதியில் வாளியை வைத்துவிட்டு ஜம்பு மரத்தடிக்கு வருகிறேன், அங்கே உட்கார்ந்தால் வெருளியைப் பார்க்க எழும்புகிறேன், அங்கிருந்து குளியலறைக் கூட்டுக்கு. வளவு முழுக்கக் கல் பதித்தால் புலுனி எந்தச் சருகைப் புரட்டும்? நேற்று மாமியிடம் வாய் விட்டேன், இந்த வளவை வைத்துக்கொண்டு புள்ளைக்கு ஊருக்குள் வேறு வீடு கட்டுவோமா என்று. அவ அரிசி களைந்துகொண்டே, “வீடு குடுக்கிறது புள்ளைக்கு. குருவிக்கில்ல” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தா. அதற்கு மேல் பேச எனக்கு என்ன உரிமை? மூத்தவளுக்குக் கொடுத்தபோது ஒரு சொல் பேசாமல் எழும்பி வந்தவன் நான், இளையவளுக்குக் கொடுக்கும்போது மட்டும் கணக்குப் பார்த்தால் பிள்ளைகள் என்ன நினைக்கும்? ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். இந்த வளவை விட்டுப்போக எனக்கு மனமில்லை. குறைகளை எழுதுகிறேன் என்று தொடங்கியதும் அதற்காகத்தான். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் உங்களிடம் சொல்கிறேன், உங்கள் முகத்தை நான் வீடியோவில் மட்டும் பார்த்ததால் சொல்லச் சுலபமாக இருக்கிறது.

ஆகவே நன்றாக யோசித்து, இந்த வீடு உங்களுக்குத் தோதுப்படாது என்று உங்கள் வாயாலேயே வாப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு நீண்ட ஆயுளையும் உழைப்பில் பரக்கத்தையும் றிஸானாவோடு சண்டை சச்சரவு இல்லாத வாழ்க்கையையும் அல்லாஹ் தருவானாக. வாப்பாவின் நெற்றி வீக்கம் வடிந்ததா என்று விசாரித்ததாகச் சொல்லுங்கள். அறையில் உள்ள நண்பர்களுக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை மட்டுமே நாடும் மாமா,
சாலிஹ்.

பின்குறிப்பு: அஸ்பாக் கேற்றில் ஹோர்ன் அடிக்கிறான், வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். கடித உறை எடுத்துத் தா என்று றிஸானாவிடம் கேட்டேன், அவள் நின்ற நிலையிலேயே முழுவதையும் வாசித்துவிட்டாள். “வாப்பா, இதெல்லாம் அவருக்குத் தெரியும்” என்று போனைக் கொண்டுவந்து காட்டினாள். வெருளியும் தேன்சிட்டுக் கூடும், சொக்ஸ் மாட்டிய மோட்டார் சைக்கிளும், ஆறிய தேத்தண்ணியோடு வாயைப் பிளந்து நான் உட்கார்ந்திருப்பதும் எல்லாம் படமாகக் கட்டாருக்கு வந்திருக்கிறது. முட்டிக்குள் குஞ்சு பொரித்துவிட்டதா என்று நீங்கள் இன்று காலையும் கேட்டிருக்கிறீர்கள். (பொரித்துவிட்டது. சத்தம் கேட்கிறது.) முற்றத்தில் ஒரு கல்லும் விழக் கூடாது என்று உங்கள் வாப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டீர்களாம். “நீங்களும் உம்மாவும் எங்கயும் போறல்ல. அதப் பேசித்தான் நான் கலியாணத்துக்கு ஓம் எண்டு சொன்ன” என்கிறாள். மாமிக்கும் தொடக்கத்திலேயே தெரியுமாம். பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஒருக்கா வாயத் தொறந்து போக மாட்டன் எண்டு சொல்லுறாரா எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்” என்று குசினி அடுப்படியில் இருந்து மாமியின் பதில் வருகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மையும் கொஞ்சம் பரவியிருக்கும், மன்னிக்கவும்.

ஆகவே இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. வரும்போது நல்ல பைனாகுலர் ஒன்று கொண்டுவாருங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. ஜம்பு மரத்தடியில் இருப்பது என்னுடைய கதிரை. உங்களுக்கென்று நாளைக்கே ஒரு புதுக் கதிரை வாங்குகிறேன், அதைக் கிணற்றடியில் போடலாம். அங்கே கொண்டைக்குருவி மட்டும்தான் வரும், ஆனால் தொடங்குகிறவருக்கு அது போதும்.