பசி வயிற்றுப் புள்ளி

இந்த ஆகஸ்டில் மாரீன் தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று டெரெக் முடிவெடுத்துவிட்டார். முடிவெடுப்பதில் அவர் என்றைக்குமே கெட்டிக்காரர். நிறைவேற்றுவதுதான் கொஞ்சம் இழுக்கும்.

மாரீன் அவர் மனைவி பாலினின் அக்கா. வருஷா வருஷம் ஆகஸ்ட் பிறந்ததும் இங்கிலாந்திலிருந்து பெட்டியும் கையுமாகப் புறப்பட்டு, தென் பிரான்சில் குடியேறிவிட்ட இவர்கள் வீட்டில் வந்து டேரா போடுவாள். வந்த நிமிஷமே டெரெக்கின் சாய்வு நாற்காலி அவளுடையது, டெரெக் அவளுடைய டிரைவர். சீஸ் நாறுகிறது, ரொட்டி கல்லாக இருக்கிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று எல்லாப் புகாரும் டெரெக்கிடம்தான் வரும். என்னமோ பிரான்ஸ் தேசத்தையே அவர்தான் நின்று கட்டின மாதிரி.

இந்த வருஷம் அது கூடவே கூடாது. ஊர் குண்டெறிக் கழகம் ஆகஸ்ட் போட்டிக்கான அணியில் அவரைச் சேர்த்திருந்தது. ஓர் இங்கிலாந்துக்காரனை. தூரத்தில் கிடக்கும் குட்டி மரப்பந்தை ஒட்டி இரும்புக் குண்டை எறிய வேண்டும். முதலில் பதின்மூன்று புள்ளி எடுத்தவன் ஜெயித்தான். இதற்காகப் பல வருஷமாகப் புழுதியில் நின்று பழகியிருக்கிறார். மாரீனைச் சந்தை சந்தையாகச் சுமந்துகொண்டு திரிந்தால் குண்டை யார் எறிவது?

குண்டு பழகிய அளவு பிரெஞ்சு பழகவில்லை. பாதி புரியும். புரியாத பாதிக்குத் தலையாட்டிவிடுவார். ஊர்க்காரர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

பாலின் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?"

"என்னத்துக்கு?"

"குண்டுல நீ என்னை ஜெயிச்சுட்டா உங்கக்கா தாராளமா வரட்டும். தோத்துட்டா இந்த வருஷம் வேண்டாம்."

"நான் ஜென்மத்துல குண்டைத் தொட்டதில்லையே, டெரெக்."

"அதனால என்ன? எல்லாம் ஒரு விளையாட்டுதான்."

பாலின் கையிலிருந்த பீன்ஸை நறுக்கி முடித்தாள். "சரி. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். காலையில பதினோரு மணிக்கு. உங்க கழகத்துக்காரங்களை அன்னிக்கு நம்ம வீட்டுக்கே சாப்பிடக் கூப்பிட்டுடறேன்."

தோற்கப்போகிறவள் விருந்தும் வைக்கிறாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று டெரெக் உருகிவிட்டார்.

அந்த வாரம் கழகக் கூட்டத்துக்கு பாலினும் வந்தாள், வால்நட் கேக்கோடு. கழகத் தலைவர் ஃபெர்னான், காப்பிக்கடை முதலாளியும் அவர்தான், கேக்கையும் பாலினையும் கை காட்டி ஏதோ கேட்டார். இன்னொரு துண்டு யாருக்கு வேண்டும் என்று கேட்கிறாராக்கும். டெரெக் சட்டென்று கை தூக்கினார். துண்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. காரணம் ஃபானி. காப்பிக்கடைச் சுவரில் ஒரு சின்னத் திரைக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டர் பெண் அவள். ஊருக்கு முகம் காட்டுவதில்லை, பின்பக்கம்தான். ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றவன் மண்டியிட்டு அங்கே ஒரு முத்தம் வைக்க வேண்டும். வைத்தவனுக்கு அந்த வருஷம் அணியில் இடம் கிடையாது. பாலின் மண்டியிடும் அழகைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம்.

"பயப்படாதே, ஒரு புள்ளி விட்டுத் தரேன்" என்றார் டெரெக். தரவில்லை.

பாலின் எறிந்த குண்டெல்லாம் எங்கெங்கோ போயின. ஒன்று மரத்தடியில் படுத்திருந்த நாயை எழுப்பியது. ஆனால் ஒவ்வொரு எறிக்கும் ஒரு யுகம் எடுத்துக்கொண்டாள். செருப்பு வாரைச் சரிசெய்தாள். புதிதாக யாராவது வந்தால் போதும், ஓடிப்போய்க் கன்னத்துக்குக் கன்னம் முத்தம் கொடுத்து, பேரன் பேத்தி வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

பன்னிரண்டுக்குப் பூஜ்யம். இன்னும் ஒரே புள்ளி. டெரெக் கையை ஓங்கினார். மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது.

ஃபெர்னான் அவர் கையிலிருந்த குண்டைப் பிடுங்கிக்கொண்டார். "சாப்பாட்டு நேரம், முசியே."

"ஒரே ஒரு எறிதானே பாக்கி!"

"சாப்பாடு சாப்பாடுதான். பசி வயித்துல எடுத்த புள்ளி செல்லாது. சாப்பிட்டுட்டு வந்து முதல்லேருந்து ஆடணும். விதி."

இங்கிலாந்துக்காரரிடம் விதி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மறுபடி ஜெயித்தால் போகிறது.

பாலின் வைத்த விருந்து வஞ்சகமில்லாத விருந்து. இறைச்சிச் சீவல், பிறகு வாத்து, வாத்துக் கொழுப்பிலேயே வறுத்த உருளைக்கிழங்கு, பிறகு ஒரு தட்டு நிறைய சீஸ், பிறகு பழப் பணியாரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின். எல்லாம் செரிக்க மேலே ஒரு பிராந்தி.

"இன்னும் கொஞ்சம் வாத்து போட்டுக்குங்க. காலையிலேருந்து நீங்கதானே உழைச்சீங்க."

"நீ குடிக்கலையா?"

"எனக்குத் தண்ணியே போதும்."

இவ்வளவு கரிசனத்தை டெரெக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம். அவர் இன்னும் கொஞ்சம் வாத்து போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டு மைதானத்துக்குப் போனால் டெரெக்குக்குக் குனிய முடியவில்லை. குனிந்தால் நிமிர முடியவில்லை. குட்டிப் பந்து இரண்டாகத் தெரிந்தது. யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாமென்று இரண்டுக்கும் நடுவில் எறிந்தார். பாலினும் காலையில் எறிந்த மாதிரியேதான் எறிந்தாள். ஆனால் அவளுடைய குண்டு இந்த ஊருக்குள்ளாவது விழுந்தது.

பதின்மூன்றுக்குப் பூஜ்யம்.

காப்பிக்கடையில் ஃபானியின் திரையை விலக்கினார்கள். டெரெக் மண்டியிட்டார். ஊர் கை தட்டியது. அணியும் போச்சு, ஆகஸ்டும் போச்சு. எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"மாரீன் மூணாந்தேதி வரா" என்றாள் பாலின். "ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே உங்களுக்கு வேற ஜோலியும் இல்லை."

டெரெக் ஃபெர்னான் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "பசி வயித்துப் புள்ளி செல்லாதுன்னு எந்தப் புண்ணியவான்யா விதி போட்டான்?"

"என்ன முசியே இப்படிக் கேக்கறீங்க? போன கூட்டத்துல உங்க மதாம்தான் இப்படி ஒரு விதி வேணும்னு கேட்டாங்க. நாங்கெல்லாம் யோசிச்சுக்கிட்டு இருந்தோம். முதல்ல கை தூக்கினதே நீங்கதான். ரெண்டாவது துண்டு கேக்கு அதுக்குத்தானே குடுத்தாங்க."