மிச்சத்துக்கு ஒரு டொபி

என் பிள்ளைகள் காசு எண்ணத் தெரியாத பிள்ளைகளாக வளரக்கூடாது என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முடிவெடுத்தேன். எழுந்து நின்று அறிவித்தேன். வீட்டில் நான் அறிவிக்கும் முடிவுகள் வழக்கமாக அடுப்படி வரைக்கும் போய், அங்கே ரத்தாகித் திரும்பி வரும். இது திரும்பி வரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காரணம் உண்மையானது. மகள் அபர்ணாவுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடச் சந்தையில் எலுமிச்சம் பானம் விற்றாள். மூன்று டொலர் பானத்துக்கு ஒருவர் பத்து டொலர்த் தாள் கொடுத்தார். மிச்சம் கொடுக்க வேண்டும் என்பது இவளுக்குத் தெரியும். எவ்வளவு, எதிலிருந்து என்பதுதான் தெரியாது. எட்டு டொலரையும் கொடுத்து, அவருடைய பத்து டொலரையும் திருப்பிக் கொடுத்து, நன்றியும் சொல்லி அனுப்பினாள். அந்த மனிதர் அன்று மூன்று தடவை தாகம் தீர்த்தார்.

மகன் பிருந்தனுக்கு ஆறு வயது. அவனைப் பொறுத்தவரை காசு என்பது ஒரு சத்தம். கார்டைத் தட்டினால் 'பீப்' கேட்க வேண்டும். கேட்டால் பொருள் நமக்கு.

உங்களிடம் மறைப்பானேன். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னர் ரத்தப் பரிசோதனையில் என் எண் நாற்பத்தெட்டு என்று வந்தது. ஐம்பது வந்தால் சீனி வருத்தம். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு நாற்பத்தெட்டு எடுத்தபோது குறைவு என்று அப்பா ஏசினார். இப்போது கூடிவிட்டது என்று மனைவி நிருஜா ஏசினாள். ஒரே எண்ணுக்கு ஒரு பிறவியில் இரண்டு தண்டனை.

அன்றோடு தேநீரில் சீனி நின்றது. பிஸ்கட் நின்றது. பிரிட்ஜுக்கு மேலே பிள்ளைகளின் டொபித் தகரம் மட்டும் இருந்தது. அதையும் நிருஜா எண்ணி வைத்திருந்தாள். களவாக எடுக்க வழியில்லை. ஆகவே சட்டப்படி எடுக்க வழி தேடினேன்.

ஓக்லாந்து வெஸ்ட்கேட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடை திறந்தேன். சவர்க்காரம், பருப்பு, தேயிலை, ஒரு சோடி காலுறை. எல்லாவற்றிலும் விலை எழுதி ஒட்டினேன். காசுப்பெட்டியில் அபர்ணா. அவளுக்குப் பக்கத்தில் டொபித் தகரம்.

நிருஜா வந்து பார்த்தாள். "ஏன் எல்லா விலையும் தொண்ணூற்றைஞ்சில முடியுது?"

"கடையெண்டா அப்பிடித்தான். வியாபாரத் தந்திரம்."

"ஓம், உங்கட தந்திரம் எனக்குத் தெரியாததே," என்றுவிட்டு வெண்டிக்காய் வெட்டப் போனாள்.

முதல் வாடிக்கையாளர் நான். சவர்க்காரம் ஒரு டொலர் தொண்ணூற்றைந்து சதம். இரண்டு டொலர்க் காசை நீட்டினேன்.

"கழிக்கக் கூடாது, பிள்ளை. விலையில தொடங்கி, நான் தந்த காசு வரைக்கும் ஏறி எண்ண வேணும். ஏறின அளவுதான் மிச்சம்."

"ஒன் நைன்டி ஃபைவ்... டூ டொலர்ஸ். ஃபைவ் சென்ட்ஸ், அப்பா." பரப்பியிருந்த சில்லறையைக் கிளறினாள். "பட் தேர் இஸ் நோ ஃபைவ் சென்ட்ஸ்."

"இல்லைத்தான். இந்த நாட்டில பத்துச் சதத்துக்குக் கீழ காசே இல்லை. அப்ப கடைக்காரர் என்ன செய்யிறது?"

"ஐ டோன்ட் நோ."

"டொபி குடுக்கிறது."

அபர்ணா தாயைப் பார்த்தாள். தாய் தலையை நிமிர்த்தாமலே, "அப்பா சொன்னபடி செய்யுங்கோ," என்றாள்.

டொபி வாயில் கரைந்தது. நான் கண்ணை மூடினேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சான்ட்ரிங்ஹாமில் ஒரு டெயரியில் வேலைக்கு நின்றேன். மூலைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர். பகலில் கடை, மற்ற நேரம் நாலு பேரோடு ஒரே அறை. அரசாங்கம் ஐந்து சதக் காசை எடுத்த காலம் அது. மற்றக் கடைகளில் ஐந்து சதத்தைக் கூட்டியோ குறைத்தோ கணக்கை முடித்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கடைகளில் சில்லறை இல்லாவிட்டால் டொபி தருவார்கள். நானும் அதையே செய்தேன்.

பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு பஸ் வரும். தோளில் பையோடு ஒரு பெட்டை இறங்கி வருவாள். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்குவாள். ஒரு டொலர் தொண்ணூற்றைந்து. அவள் இரண்டு டொலர் தருவாள். நான் ஒரு டொபி தருவேன். மூன்றாம் கிழமை இரண்டு டொபி கொடுத்தேன். மழை நாளில் மூன்று. டொபிப் போத்தல் ஏன் இப்படி இறங்குகிறது என்று முதலாளி கேட்டபோது, சம்பளத்தில் கழியுங்கோ என்றேன். கையில் ஒன்றுமே இல்லாத காலம். ஆனால் ஐந்தரைக்குக் கடைக்கதவின் மணி அடிக்கும்போது ஓக்லாந்தே எனக்குச் சொந்தம் போல இருக்கும்.

அந்தப் பெட்டைதான் நிருஜா. ஒரு போத்தல் டொபியில் கலியாணம் கட்டினவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை. இதை நான் யாருக்கும் சொல்வதில்லை, சந்திக்கிறவர்களைத் தவிர.

"என்ன, கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறியள்?" என்று நிருஜா கேட்டாள்.

"அந்த நாளைய டொபி, நிரு. அதே ருசி."

"அப்பிடியோ," என்றாள்.

அன்று அதே சவர்க்காரத்தை ஐந்து தடவை வாங்கினேன். வாங்கியதும் திரும்பக் கடையில் வைத்துவிடுவேன். கடைக்குச் சரக்கு வேண்டாமா? பிருந்தன் லைப்ரரி கார்டோடு வந்து, காலுறையில் தட்டி, வாயாலேயே 'பீப்' என்றான். "கேஷ் ஒன்லி," என்று அக்கா துரத்திவிட்டாள்.

கடை நாள்தோறும் நடந்தது. புதன்கிழமை அதே சவர்க்காரத்துக்கு இருபது டொலர்த் தாளை நீட்டினேன். அபர்ணா ஏறி ஏறி எண்ணிப் பதினெட்டு டொலரும் ஒரு டொபியும் வைத்தாள். பானம் விற்று நட்டப்பட்ட அதே பிள்ளை. எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. வயிறுதான் கொஞ்சம் சரியில்லை.

"என்னப்பா, அடிக்கடி பாத்ரூமுக்குள்ள போறியள்?" என்று நிருஜா கேட்டாள்.

"வெண்டிக்காய் ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

"இருக்கும், இருக்கும்."

வியாழன் காலை வேலைக்கே போகவில்லை. உள்ளே போவதும் வருவதுமாக இருந்தேன். பின்னேரம், பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தால் வந்த பிறகு, சோபாவில் சாய்ந்து, "டாக்குத்தரிட்டப் போவம், நிரு," என்றேன்.

"தேவையில்லை. இதை வாசியுங்கோ."

ஒரு வெறும் பை. மருந்துக்கடையில் வாங்கியது. சீனி இல்லாத டொபி. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: அளவுக்கு மிஞ்சினால் வயிற்றால் போகும்.

"இது எப்ப தகரத்துக்குள்ள வந்தது?"

"உங்கட ரத்த ரிசல்ட் வந்த அண்டைக்கே. எப்பிடியும் கை வைப்பியள் எண்டு தெரியும். பிள்ளையளின்ர டொபி வேற இடத்தில இருக்கு."

"அப்ப எண்ணி வச்சது?"

"அங்க பிள்ளையளின்ர டொபிதான் இருக்கெண்டு நீங்கள் நம்ப வேணுமே."

நான் பையை மடித்தேன். விரித்தேன். மறுபடி மடித்தேன்.

"தொண்ணூற்றைஞ்சு சதம், ரெண்டு டொலர், மிச்சத்துக்கு டொபி," என்றாள் நிருஜா. "முதல் முதல் என்னட்டத்தானே இதைச் செய்தனியள்? எனக்கே திரும்பக் காட்டுறியள்."

தோற்றவனுக்கும் ஒரு பிடி வேண்டும். "செய்தனான்தான். நீரும் அந்த டொபிக்காகத்தானே நாள் தவறாமல் வந்தனீர்."

நிருஜா சிரித்தாள். "எனக்கு டொபியே பிடிக்காது. அதெல்லாம் என்னோட அறையில இருந்த பிரசாந்திதான் திண்டவள்."

"அப்ப பாணுக்காகவோ?"

"பாண் உங்கட கடைக்கு முன்னால இருந்த கடையில ஒரு டொலர் அறுபது."

முப்பத்தைந்து சதம். பஸ் காசை மிச்சம் பிடிக்கப் பாதி வழி நடந்தவள் அவள். அவள் ஒவ்வொரு நாளும் முப்பத்தைந்து சதம் கூடக் கொடுத்திருக்கிறாள், என் கடைக்கு வருவதற்காக. நான் டொபி போட்டுப் பிடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் அந்தக் கதையைச் சொல்லேக்க உங்கட முகம் வடிவா இருக்கும். ஏன் கெடுப்பான்?"

கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு ஒரு நப்பாசையும் வந்தது. "நிரு, பழைய நினைவுக்கு ஒரேயொரு டொபி. சீனி போட்டது."

"சரி. பிள்ளையளின்ர டொபியைத் தகரத்துக்குள்ள போட்டு விட்டிருக்கிறன். முறைப்படி கடையில வாங்குங்கோ."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சவர்க்காரத்தைத் தூக்கினேன். இரண்டு டொலரை நீட்டினேன்.

அபர்ணா சவர்க்காரத்தைத் திருப்பி விலையைப் பார்த்தாள். புதுச் சீட்டு. நிருஜாவின் கையெழுத்து. ஒரு டொலர் தொண்ணூறு சதம்.

"ஒன் நைன்டி... டூ டொலர்ஸ்," என்று, நான் பழக்கியபடியே ஏறி எண்ணினாள்.

ஒரு பிழையும் விடவில்லை. பத்துச் சதத்தை, காசாகவே, என் கையில் வைத்தாள்.