சருகுமான் காட்டிய மேற்கோள்

ஒரு காட்டில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஓடவில்லை. மேட்டுக்காட்டு எருமைகள் பாறையை உருட்டி அணை கட்டி, தாங்கள் மட்டும் சேற்றில் புரண்டன. அவ்வளவுதான் விஷயம். இது புரியப் பட்டப்படிப்பு வேண்டாம்.

கீழ்க்காட்டில் தங்கம்மாள் என்றொரு சருகுமான். குட்டி ஒன்று. அதன் நாக்கு வெளியே தொங்க ஆரம்பித்ததும் நேரே சிங்கராஜாவிடம் போனாள்.

"அந்த அணையை உடைக்கச் சொல்லுங்க ராஜா."

"உடைச்சிரலாம். ஆனா நான் படிக்காத ஆளு. நாளைக்கு அறிஞர்கள் கருத்தரங்கம். அங்க தீர்மானம் போடட்டும், மறுநாளே உடைக்கிறேன்."

கருத்தரங்கத்தில் எதுவும் தீர்மானமாகாது என்பது ராஜாவுக்குத் தெரியும். அதற்காகத்தான் வருஷா வருஷம் பந்தல் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் குட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். பந்தலில் பேனர்: 'நீரின்மையும் அடையாளமும்: சமகாலக் காட்டின் பன்முக வாசிப்புகள்'. மேடையில் ஐந்து பேர். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஒருவரும் திறக்கவில்லை. தங்கம்மாள் பேச்சைக் கேட்கவில்லை, பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாகம் என்பது ஒரு கட்டமைப்பு" என்றார் தலைவர், பேராசிரியர் முள்ளம்பன்றி. கைதட்டினார்கள்.

"இல்லை, அது ஒரு கதையாடல்" என்றார் முனைவர் நரி. அதற்கும் தட்டினார்கள். மதியம் வரை இதே கூத்து.

தங்கம்மாள் எழுந்தாள். "அய்யா, அணை கட்டினது எருமைங்க. என் கண்ணால பார்த்தேன். குட்டி செத்துரும்."

"யார் சொன்னது?" என்றார் முள்ளம்பன்றி.

"நான்தான் சொல்றேன்."

"அம்மா, நீ ஆய்வுப்பொருள். ஆய்வுப்பொருள் குறுக்கே பேசக்கூடாது. இதை யாராவது எழுதியிருக்காங்களா? மேற்கோள் இருக்கா?"

இல்லை. உட்கார்ந்தாள். பக்கத்தில் குட்டிக்குக் கண் செருகியது. மறுபடி எழுந்தாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"வோல்ஸ்ட்ருப் எழுதியிருக்காரு. நார்வே நாட்டுப் பனிக்கரடி. எருமைதான் மறிக்கும், உடைச்சாத்தான் தண்ணி வரும்னு. பக்கம் இருநூத்திப் பதினாலு."

'நான் படித்ததில்லை' என்று ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும், குட்டியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாராவது சொல்வார்களா?

"வோல்ஸ்ட்ருப்பா!" முள்ளம்பன்றி முள்ளை நீவிக்கொண்டார். "மூலமொழியிலேயே படிச்சேன். மொழிபெயர்ப்பு சுமார்தான்."

"கடைசிக் காலத்துல நிலைப்பாட்டை மாத்திக்கிட்டாரே?" என்று இழுத்தார் நரி.

தங்கம்மாள் முந்திக்கொண்டாள். "அது அவரு தம்பிங்க."

"ஆமாமாம், தம்பி" என்றார் நரி. "தம்பிக்கும் எனக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காகிதம் அரண்மனைக்குப் போனது. யார் இந்த வோல்ஸ்ட்ருப் என்று கேட்க ராஜா வாயெடுத்தார். சுற்றி நின்ற மந்திரிகள் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினார்கள். "ம். தங்கமான கரடி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அணை உடைந்தது. தண்ணீர் வந்தது.

ஓடைக்கரையில் கல் நட்டார்கள். 'வோல்ஸ்ட்ருப் நினைவு ஓடை.' மேலே கண்ணாடி போட்ட பனிக்கரடியின் முகம் வேறு. முள்ளம்பன்றி திறந்துவைத்தார். நரிக்குப் பொன்னாடை. எருமைகளுக்கு முன்வரிசை. தங்கம்மாளுக்கு அழைப்பில்லை. கூட்டத்துக்குப் பின்னால் குட்டியோடு தண்ணீரில் வாய்வைத்தாள்.

குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. "அம்மா, யாரும்மா அந்தக் கண்ணாடித் தாத்தா? அவரா நமக்குத் தண்ணி விட்டாரு?"

"ஆமா. கும்பிட்டுக்கோ" என்றாள் தங்கம்மாள்.

நீதி: உண்மையை உன் வாயால் சொல்லாதே. சொல்லியே ஆகவேண்டுமென்றால், குளிர்நாட்டுக்காரர் எவராவது சொன்னதாகச் சொல். பக்க எண் முக்கியம்.