மைத்துனருக்கு, அலமாரியின் மரம் குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கும் நலமே என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை மூன்று நாட்களாக என்னுடன் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் ‘ணங்’ என்று பேசுகிறது.

எல்லாம் விறகால் வந்தது. ஓய்வு பெற்றதும் வெந்நீர் அடுப்பு என் பொறுப்பாயிற்று. விறகுக்கடைக்காரர், “எல்லாம் புளிதான் சார், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க” என்பார். அப்படி வாங்கியதில் வீடெல்லாம் புகைந்து, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ரோஷம் வந்து மரம் பார்க்கக் கற்றேன். கருத்து ஆழமாக வெடித்த பட்டை என்றால் புளி. நார் நாராக உரிந்தால் சவுக்கு. உள்ளே மஞ்சளாக இருந்தால் பலா. பட்டை போன கட்டை என்றால் வெட்டுமுகத்தைச் சீவி, எச்சில் தொட்டு ரேகை பார்ப்பேன். ஒரே மாதத்தில், “சார் வர்றாரு, முருங்கைய உள்ள தள்ளு!” என்று கடைக்காரர் கத்தும் அளவுக்குப் பெயர் வாங்கிவிட்டேன்.

கை சும்மா இருக்குமா? முக்காலி, மரக்கரண்டி என்று சீவிக்கொண்டே போய், எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த தேக்கு அலமாரியின் பின்காலுக்கு வந்துவிட்டேன். ஒரு விரல் அகலம்தான் சீவினேன், சத்தியமாக. தேக்கென்றால் ரேகை வரி வரியாக ஓட வேண்டும், விரலில் எண்ணெய்ப் பசை பட வேண்டும். இதில் இரண்டும் இல்லை. வெளிறிய மாமரம்! சந்தோஷம் தாங்காமல் சமையலறைக்கு ஓடி, “உங்க அண்ணன் குடுத்தது மாமரம்டி!” என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. “எங்க அண்ணன் தேக்குன்னா தேக்குதான். மாமரம்னு அவரே சொல்ற வரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க” என்று சொல்லிவிட்டாள்.

அலமாரி கிடக்கட்டும். அவள் பேசாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் சொன்னது சரி என்று ஒரே வரி எழுதிப் போடுங்கள். உங்கள் மேல் வருத்தமே கிடையாது. அன்றைய உங்கள் சம்பளத்துக்கு மாமரமே பெரிது.

வீட்டில் அனைவருக்கும் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் கட்டிலையும் ஒரு நாள் வந்து பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மரம் அறிந்த உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு: அண்ணா, நான்தான் எழுதறேன். கவரை ஒட்டாம மேசை மேல வெச்சிருந்தாரு, படிச்சேன். அது மாமரம்னு வாங்கின அன்னைக்கே நீ எங்கிட்ட சொல்லிட்டே. இப்ப இவர்கிட்ட ஒத்துக்காதே, தேக்குன்னே எழுது. இவர் சொன்னது சரின்னு ஆச்சுன்னா நாளைக்கே வாசக்கதவைச் சீவ ஆரம்பிச்சிடுவாரு. பேசறதுக்கென்ன, இன்னைக்குச் சாயங்காலமே பேசிடறேன். பாவம், மூணு நாளா விறகுக் கட்டைங்ககிட்டயே பேசிக்கிட்டிருக்காரு.