சாட்சிக்கு மெஷின் இருக்கிறது, நீங்கள் வர வேண்டாம்

சேதராப்பட்டு,
6-6-1988

மதிப்புக்குரிய குழந்தைவேல் மாமா அவர்களுக்கு,

மருமகன் இருசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். கரையாம்புத்தூரில் நீங்களும் அத்தையும் விஜயகுமாரியும் கரும்பும் டிராக்டரும் நலமாயிருக்க வேண்டும். டிராக்டரைக் கடைசியில் எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "தனக்கொடி விவகாரத்தில் தலையிடாதே. நான் யாரையும் எந்தக் கம்பெனிக்கும் ஏற்றி அனுப்பியதில்லை. என்னைச் சாட்சிக்கு இழுத்தால் விஜயகுமாரியை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். விடியற்காலையில் நாற்பது பெண்களை டிராக்டர் பெட்டியில் நிற்க வைத்து, வில்லியனூர் வழியாகக் கொண்டுவந்து எங்கள் கம்பெனி வாசலில் இறக்கியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களைவிட நல்ல சாட்சி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்குப் பெண் கொடுப்பதாக யாரும் ஆசை காட்ட முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த நாற்பது பேரில் ஒருத்தியான தனக்கொடியின் ஆள்காட்டி விரல் தகர டப்பா அடிக்கிற பிரஸ்ஸில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. மேனேஜர் வெளியே வந்து, "இந்தம்மா யாருன்னே தெரியாது. வேடிக்கை பாக்க உள்ள பூந்திருக்கும்" என்றார். தனக்கொடி அழவில்லை. "ஆமா சார், வேடிக்க பாக்கத்தான் வந்தேன். ரெண்டு வருசமா பாத்துனு இருந்தேன். வெரலு மட்டும் இன்னும் உள்ளயே நின்னு பாக்குது" என்றாள். வாட்ச்மேன் சிரித்துவிட்டு, மேனேஜர் முறைத்ததும் இருமினான்.

வரும் திங்கட்கிழமை தொழிலாளர் அதிகாரி விசாரணைக்கு வருகிறார். அவள் இங்கே வேலை செய்தவள் என்று நிரூபணமானால் நஷ்டஈடும் வேலையும் உண்டு. இல்லையென்றால் ஒன்பது விரலோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். அதனால் மேனேஜர் எங்கள் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, என் சீனியர் அந்தோணிசாமியிடம், "சம்பளக் கணக்குல ஒன்பதாயிரத்துக்கு மேல இருக்கிற டோக்கன் நம்பர் எல்லாத்துக்கும் சைபர் போடு" என்றார். அந்தோணிசாமி போட்டார். என்னிடம் சொல்லியிருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன் என்பது மேனேஜருக்குத் தெரியும்.

இங்கேதான் மாமா, ஒதுக்கிவைக்கிற புத்தியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. பெர்மனெண்ட் ஆட்களுக்கு ஒன்று முதல் இருநூறு வரை டோக்கன். நம் ஊர்ப் பெண்களுக்கு இருநூற்றொன்று என்று கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை. ஒரே வரிசையில் நின்றால் நாளைக்குப் பெர்மனெண்ட் கேட்பார்களாம். டீ டம்ளர் தனியாக வைத்ததுபோல எண்ணையும் தள்ளிவைத்து, ஒன்பதாயிரத்து ஒன்றில் ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டரில் அந்தச் சம்பள ஃபைலிலோ ஒரு டோக்கனுக்கு ஒரு கட்டம். நடுவில் யாருக்குமே கொடுக்காத எண்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அந்தக் கட்டங்களுக்கு எங்கள் யூனிக்ஸ் மெஷின் டிஸ்கில் இடமே பிடிப்பதில்லை. ஃபைலின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் எல்லாவற்றையும் சேர்த்து மலையளவு சொல்லும். டிஸ்கில் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறாய் என்று கேட்டால், எழுதிய கட்டங்களுக்கு மட்டும்தான் கணக்குச் சொல்லும். எழுதாத கட்டத்தை ஓட்டை என்போம். ஓட்டையைப் படித்துக் காட்டச் சொன்னாலும் மெஷின் இல்லை என்று கைவிரிக்காது. தானாகவே சைபரை எடுத்து நீட்டும். அந்தோணிசாமி எழுதியதும் சைபர், ஓட்டையிலிருந்து வருவதும் சைபர். படித்தால் இரண்டும் ஒன்று. மேனேஜர் அதை அச்சடித்து வைத்துக்கொண்டு, "பாத்தியா, ஆளே கிடையாது" என்கிறார்.

ஆனால் எந்தக் கட்டம் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று மெஷின் தனக்குள் விலாசம் வைத்திருக்கிறது. ஓட்டைக்கு விலாசம் கிடையாது. ஒரு தடவை எழுதிய கட்டத்துக்கு உண்டு. மேலே எவ்வளவு சைபரைக் கொட்டினாலும் விலாசம் போகாது. சாலையிலிருந்து பார்த்தால் உங்கள் தரிசும் வெட்டின கரும்புக் கொல்லையும் ஒரே மாதிரி வெறும் நிலம்தான். இறங்கி நடந்தால் கொல்லையில் கட்டை காலைக் குத்தும். நான் இறங்கி நடந்தேன் மாமா. இருநூற்றொன்றிலிருந்து ஒன்பதாயிரம் வரை ஒரு விலாசமும் இல்லை. அதற்கப்புறம் வரிசையாக நாற்பது. தனக்கொடியின் 9017 நன்றாகவே குத்துகிறது.

அந்தோணிசாமியிடம் காட்டினேன். "டேய் இருசா, சைபர் போட்டா ஒண்ணும் இல்லன்னுதானடா அர்த்தம்?"

"அந்த சைபர வக்கிறதுக்கு ஒரு எடம் வேணும் இல்லண்ணே."

"அப்ப நான் அழிச்சதையும் சேத்து வச்சிகினு இருக்குதா அது?"

"இருக்குது."

"இன்னாடா மிஷினு இது, எங்க மாமியார் மாதிரி!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே திங்கட்கிழமை நீங்கள் வீட்டிலேயே இருங்கள். உங்கள் சாட்சி யாருக்கும் தேவையில்லை. விஜயகுமாரியை வேறு இடத்தில் கொடுப்பதானால் கொடுங்கள். அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் கரும்பு நல்ல எடை நிற்கட்டும், உங்களுக்கு நிம்மதியான தூக்கம் வரட்டும்.

அன்புக்குக் குறைவில்லாத மருமகன்,
இருசப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வேறு கதையாகிவிட்டது. அந்தோணிசாமி பயத்தில் அந்த ஃபைலையே ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டார். நான் அசரவில்லை. மத்தியானமே வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் நகலில் ஓட்டையே இல்லை. நகல் எடுக்கிற கட்டளை முதல் கட்டத்திலிருந்து கடைசி வரை படித்து, படித்ததையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறது. ஓட்டையிலிருந்து வந்த சைபரும் எழுதிய சைபராகி, எல்லாவற்றுக்கும் விலாசம் வந்துவிட்டது. இப்போது என் சாட்சியின்படி எங்கள் கம்பெனியில் ஒன்பதாயிரத்து நாற்பது பேர் வேலை செய்திருக்கிறார்கள். வில்லியனூர்த் தேருக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. அதிகாரி சிரிப்பார். புத்திசாலி என்று நினைத்து இதைச் செய்தவன் நான்தான்.

வாசலில் தனக்கொடியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. "மிஷினு மறந்தா மறக்கட்டும்பா. ஒங்க மாமன் எப்டி மறப்பாரு? பொட்டில ஏறும்போது தெனம் தல எண்ணுவாரு. ஒரு நாளு ஒரு தல கொறையுதுன்னு நெட்டப்பாக்கத்துலேந்து வண்டிய திருப்பினு வந்து என்ன ஏத்தினு போனாரு" என்றாள்.

ஆகவே மாமா, மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை வாருங்கள், டிராக்டரிலேயே வாருங்கள். முடியாது என்றால் சிரமப்பட வேண்டாம். நாற்பது பேரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதாக இருக்கிறார்கள். வழக்கம்போல ஒவ்வொரு தலையாக எண்ணி, இவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள். தனக்கொடி முதல் ஆளாக நிற்பாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது, எண்ணும்போது பார்த்து எண்ணச் சொல் என்றாள்.