மாபெரும் தனிமைப்படுத்தும் முகாம்

உலகத்தில் தீராத நோய் என்று ஒன்று கிடையாது. இன்னும் கூட்டம் போடப்படாத நோய்தான் உண்டு. இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் கால்நடைத் துறைத் துணை இயக்குநர். வைத்திய உலகம் இன்னும் அவருக்குச் சிலை வைக்கவில்லை என்றால் நஷ்டம் சிலைக்குத்தான்.

பக்கத்து ஊரில் மாடுகளுக்கு அம்மை பரவுகிறது என்று செய்தி வந்தது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பி, காய்ச்சல் கண்டு, பால் வற்றிப்போகும் நோய். 'தோல் கழலை' என்று துறை அதற்குப் பெயர் வைத்திருந்தது. ஈயும் கொசுவும் உண்ணியும் அதைச் சுமந்து திரியும். ஆகவே மாடுகளை விலக்கி விலக்கிக் கட்ட வேண்டும். விலக்கிக் கட்ட வேண்டும் என்பதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல, ஊரிலுள்ள மாடுகளை எல்லாம் ஒரே மைதானத்தில் சேர்த்துக் கட்டுவது என்று துணை இயக்குநர் தீர்மானித்தார்.

இந்தச் சரித்திரத் தீர்மானம் பிறந்தபோது பால்காரம்மா பக்கத்தில்தான் இருந்தாள். அலுவலகத் தேநீருக்குப் பால் ஊற்ற வந்தவள். கூட்ட அறையின் கதவு திறந்திருந்தது. அவள் காது எப்போதும் திறந்தே இருக்கும்.

"சார், எல்லாத்தையும் ஒரே இடத்துல கூட்டினா நோய்தான் சார் கூடும்," என்றார் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா. "தடுப்பூசி வரட்டும். வீடு வீடாப் போய்ப் போட்டுடறேன்."

"வீடு வீடாப் போனா கூட்டம் எப்படிம்மா சேரும்?"

டாக்டரம்மா படித்த கல்லூரியில் இந்தக் கோணத்தைச் சொல்லித் தந்திருக்கவில்லை.

"ஆமா, மாட்டுக்கும் ஆட்டம்மை ஊசியைத்தானே போடறோம்?" என்றார் துணை இயக்குநர்.

"ஆமா சார். ரெண்டு கிருமியும் நெருங்கின சொந்தம். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி."

"அப்ப ஆட்டையும் வரச் சொல்லுங்க. சொந்தக்காரங்களை விட்டுட்டு ஒரு விசேஷம் நடத்தினா நல்லாவா இருக்கும்? கோழிக்குக்கூட அம்மை வருமில்ல?"

"அது வேற அம்மை சார். மாட்டுக்கு ஒட்டாது."

"ஒட்டாட்டி என்ன? கூண்டோட கொண்டாந்து மேடை ஓரமா வைங்க. போட்டோவுல நிறைவா இருக்கும்." அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். ஞானம் வரும்போது அவர் கண்ணை மூடுவது வழக்கம். "இன்னொண்ணு. வாயால சொன்னா ஜனங்களுக்கு ஏறாது. கண்ணால பார்க்கணும். பக்கத்து ஊர்லேர்ந்து நோய் கண்ட மாடு ஒண்ணைப் பிடிச்சுட்டு வாங்க. 'மாதிரி'க்கு."

டாக்டரம்மாவின் கையிலிருந்த தேநீர் வாய்க்குப் போகாமல் பாதி வழியிலேயே நின்றது.

பால்காரம்மா படியிலேயே காத்திருந்து டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு செவலை மாடு. நிறைசினை. பிறப்பது கிடாரியாக இருந்தால் நாளைக்கு இரண்டு மாட்டுக்காரி ஆகிவிடலாம் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள்.

"நான் ஓட்டிட்டு வரலைம்மா. உடம்பு கனத்து நிக்குது."

"வராதீங்கக்கா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மறுநாளே பால் சங்கத்தில் பலகை தொங்கியது: 'முகாமுக்கு வராத மாட்டின் பால் வாங்கப்படமாட்டாது.' இதைத்தான் துறை 'தன்னார்வப் பங்கேற்பு' என்று சொல்லும். பால்காரம்மாவும் தன்னார்வத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டை அவிழ்த்தாள்.

முகாம் நாளன்று மைதானத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வாசலில் வரவேற்பு வளைவு. மேடைக்கு மேலே 'விலகியிரு, நோயை வெல்லு' என்று ஆளுயர எழுத்து. அதற்குக் கீழே வாலை வீசக்கூட இடமில்லாமல் மாடுகள். தண்ணீருக்கு ஒரே தொட்டி. தடுப்பூசி வரவில்லை, ஒலிபெருக்கி வந்திருந்தது. நடுநாயகமாக, உடம்பெல்லாம் கட்டியோடு, தலையைத் தொங்கப்போட்டபடி 'மாதிரி' மாடு.

"கிட்ட வாங்க, கிட்ட வாங்க! தூர நின்னா கட்டி எப்படித் தெரியும்?" துணை இயக்குநர் பிரம்பால் ஒவ்வொரு கட்டியாகத் தொட்டுக் காட்டினார். "இந்த மாதிரி மாட்டுக்கிட்ட உங்க மாட்டை விடவே கூடாது. புரியுதா? பின்னாடி இருக்கறவங்க மாட்டோட முன்னாடி வாங்க!"

ஜனங்கள் கைதட்டினார்கள். ஆனால் உண்மையான ஈடுபாடு காட்டியவை ஈக்கள்தான். அழைப்பில்லாமலே திரளாக வந்திருந்தன. 'மாதிரி' மாட்டிடம் பெற்றதை உடனுக்குடன் மற்ற மாடுகளிடம் கொண்டு சேர்த்தன. துறையில் அப்படிக் களப்பணி செய்கிறவர்கள் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

பால்காரம்மா கெட்டிக்காரி. மைதானத்தின் கோடியில், ஒரு மரத்தடியில், சேலை முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். ஆனால் லட்சணத்தை எத்தனை நேரம் ஒளித்து வைக்க முடியும்?

"அந்தச் செவலை யாருது? என்ன களையா இருக்கு! போட்டோவுக்கு முன்னாடி கொண்டாங்க!"

"ஐயா, சினை மாடுங்க. இங்கேயே நிக்கட்டும்."

"சினையா? ரொம்ப நல்லது. தாய்மைன்னா பத்திரிகைக்காரங்களுக்குப் பிடிக்கும்."

அலுவலக ஆட்கள் கயிற்றைப் பிடுங்காத குறை. செவலையை 'மாதிரி' மாட்டின் பக்கத்தில், மூக்கும் மூக்கும் தொடும்படி நிறுத்தினார்கள். துணை இயக்குநர் நடுவில் நின்று இரண்டின் முதுகிலும் கை வைத்துச் சிரித்தார். படம் அருமையாக விழுந்தது.

செவலை தீனியை விட்டபோது படம் சுவரொட்டியாகிவிட்டிருந்தது. காய்ச்சல் ஏறியது. கழுத்தில் ஒரு கட்டி, தொடையில் ஒரு கட்டி என்று ஆரம்பித்து, உடம்பே குண்டும் குழியுமான சாலை போல ஆனது. டாக்டரம்மா வந்து வந்து ஊசி போட்டார், புண்ணுக்கு மருந்து தடவினார். துணை இயக்குநர் வரவில்லை. பால்காரம்மாவே அவர் வீட்டுக்குப் போனாள்.

வாசலில் அவர் மனைவி இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"அங்கேயே நில்லுக்கா! உன் மாட்டைத் தொட்டுட்டுதானே வந்திருக்கே?"

"ஆமாங்கம்மா. ஐயா ஒரு எட்டு வந்து பார்த்தா..."

"பார்க்கறது இருக்கட்டும். கொல்லையில எங்க மாடு நிக்குது. உன் சேலையிலேர்ந்து ஏதாவது ஒட்டிக்கிட்டா? அந்த மனுஷன் என்னைக் கொன்னுடுவார்."

"உங்க மாடா? அன்னிக்கு முகாமுல பார்க்கலையே?"

"நல்லா இருக்கே! அவர்தான் வாசப்படி தாண்டக் கூடாதுன்னுட்டாரே. அந்தக் கூட்டத்துல எவனாவது மாட்டைக் கொண்டுபோய் விடுவானான்னு கேட்டார்." சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்கு நாக்கு தன்னுடையது என்று ஞாபகம் வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

பால்காரம்மா உடனே திரும்பிவிடவில்லை. பக்கவாட்டுச் சந்தில் நடந்து, கொல்லைச் சுவர் மேல் எம்பி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

செவலை பிழைத்துக்கொண்டது. கன்று தங்கவில்லை. கிடாரிதான்.

தெருவுக்கு ஒரு மாடு இப்படி விழுந்தது. ஊர் ஜனங்கள் நல்லவர்கள். யாரையும் குறை சொல்ல மனம் வராது. "பாவம், விவரம் தெரியாத மனுஷன். நல்லது செய்யப்போய் இப்படி ஆயிடுச்சு," என்று டீக்கடையிலேயே துணை இயக்குநரை மன்னித்துவிட்டார்கள். தலைமை அலுவலகம் அதற்கும் மேலே போனது. மாநிலத்திலேயே அதிகக் கால்நடைகள் பங்கேற்ற முகாம் என்று கேடயம் அறிவித்தது.

பாராட்டு விழாவுக்கும் கூட்டம் சேர்ந்தது. 'பயனாளி' ஒருவர் பேசினால் எடுப்பாக இருக்குமே என்று யோசித்தார்கள். சுவரொட்டியில் இருக்கிற மாட்டுக்காரியை விட்டால் வேறு யார்? பால்காரம்மாவை மேடையேற்றி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது," என்று அவள் ஆரம்பித்தாள். துணை இயக்குநர் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு கனிவோடு தலையசைத்தார். "ஐயாவுக்கு விவரம் தெரியாதுன்னு ஊரெல்லாம் பேசிக்கறாங்க. கேட்கவே வயிறு எரியுது. அவ்வளவு படிச்ச மனுஷனை அப்படிச் சொல்லலாமா? நம்ம மாடெல்லாம் மைதானத்துல மூக்கோட மூக்கு வெச்சு நின்னப்ப, ஐயா வீட்டு மாடு மட்டும் கொல்லையில கொசுவலைக்குள்ள நின்னுச்சு. நானே சுவரேறிப் பார்த்தேன். தனித் தொட்டி, தனி வாளி, மூலைக்கு மூலை ஈ மருந்து. நீங்களே சொல்லுங்க. விவரம் தெரியாதவர் மாட்டுக்குக் கொசுவலை கட்டுவாரா?"